கிராஃபீனை உடல் ஏற்குமா? விடை அதன் மேலே ஒட்டியிருப்பதில் இருக்கிறது

2021இல் ஒரு புரளி வாட்ஸ்அப்பில் மொழிக்கு மொழி தாவியது: கோவிட் தடுப்பூசியில் கிராஃபீன் ஆக்சைடு கலந்திருக்கிறார்கள், அது ரத்தத்தைக் கட்டியாக்கிவிடும். அதே ஆண்டு ஏப்ரலில் கனடாவின் சுகாதாரத் துறை, கிராஃபீன் பூசிய முகக்கவசங்களை அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. ஜூலையில், ஆய்வுக்குப் பிறகு, சில ரகங்களை மட்டும் மீண்டும் விற்க விட்டது. 2024 செப்டம்பரில் வந்ததோ நேர் எதிரான செய்தி. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு ராயல் மருத்துவமனையில், மூளைக் கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சையின்போது, கிராஃபீன் மின்முனைகளை ஒரு நோயாளியின் மூளைமேல் வைத்துச் சோதித்தார்கள். உலகிலேயே இது முதல் முறை என்றும் அறிவித்தார்கள்.

ஓரிடத்தில் விஷம், இன்னோரிடத்தில் மூளைக்கே துணை. எதை நம்புவது?

தடுப்பூசிக் கதையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தடுப்பூசிகளின் மூலப்பொருள் பட்டியலில் கிராஃபீன் கிடையாது, அது பொய். ஆனால் 'கிராஃபீன் ஆக்சைடு ரத்தத்தை உறைய வைக்கும்' என்ற துண்டு மட்டும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. வாரணாசியில் எலிகளிடம் உண்மையிலேயே பார்க்கப்பட்ட விஷயம் அது. பார்த்தவர்களே மறு ஆண்டு அதற்கு மாற்றும் கண்டுபிடித்தார்கள் என்பது புரளியோடு சேர்ந்து பயணிக்கவில்லை. அந்த மாற்று கிராஃபீனைக் கைவிடுவது அல்ல. அதன் மேற்பரப்பில் வேறொன்றை ஒட்டுவது. செய்திகள் முரண்படுவதன் காரணமும் அங்கேதான் இருக்கிறது.

## ஒரு பெயர், பல பொருள்கள்

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட், கார்பன் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு. அதில் ஒரே ஓர் ஏட்டைப் பிரித்தெடுத்தால் கிராஃபீன். 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டுநாடாவைக் கிராஃபைட்டில் ஒட்டி ஒட்டி உரித்தே இதைச் சாதித்தார்கள். 2010இல் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

ஏட்டின் தடிமன் 0.34 நானோமீட்டர். நம் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு ஏறக்குறைய 5 நானோமீட்டர். சவ்வே மெல்லியது, அதிலும் பதினைந்தில் ஒரு பங்குதான் இந்தத் தகடு. ஒரு கிராம் கிராஃபைட்டை முழுக்க ஏடு ஏடாகப் பிரித்து விரித்தால், இரு பக்கமும் சேர்த்து 2,630 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 65 சென்ட் நிலம். இந்தப் பொருளுக்கு 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் அணுவும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பை மாற்றினால் பொருளே மாறிவிடுவது அதனால்தான்.

செய்திகளில் 'கிராஃபீன்' என்று வரும்போது குறைந்தது மூன்று வேறு பொருள்களில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்:

1. தூய கிராஃபீன். வெறும் கார்பன் அறுகோணங்கள். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தண்ணீரில் போட்டால் கலக்காது, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்.

2. கிராஃபீன் ஆக்சைடு. கிராஃபைட்டைக் கடும் அமிலத்தில் ஆக்சிஜனேற்றம் செய்து பிரித்த ஏடு. 1859இல் பெஞ்சமின் பிராடி என்ற ஆங்கிலேய வேதியியலர் முதலில் கிராஃபைட்டை இப்படி ஆக்சைடாக்கினார். இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது 1958இல் வெளியான ஹம்மர்ஸ் முறை: கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஏட்டில் ஆக்சிஜன் கொண்ட அணுத்தொகுதிகள் முளைக்கும்: நடுப்பகுதியில் ஹைட்ராக்சில், எப்பாக்சி தொகுதிகள், ஓரங்களில் கார்பாக்சில் தொகுதிகள். தண்ணீரில் அழகாகக் கலக்கும், எதிர்மின்சுமை தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது.

3. ஒடுக்கப்பட்ட கிராஃபீன் ஆக்சைடு. இரண்டாவதிலிருந்து பெரும்பகுதி ஆக்சிஜனைத் திரும்ப உருவியது. கடத்தும் திறன் ஓரளவு திரும்பும். ஆனால் ஏட்டில் ஓட்டைகளும் வடுக்களும் மிச்சமிருக்கும்.

சந்தையில் நிலைமை இன்னும் குழப்பம். 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 நிறுவனங்களின் 'கிராஃபீன்' தூளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் பத்து சதவீதம்கூட இல்லை. மீதி நுண்ணிய கிராஃபைட் தூள்தான். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்பி நச்சு ஆய்வு செய்தால் கிடைக்கும் முடிவு எதைப் பற்றியது என்று கேட்கத்தான் வேண்டும்.

## செல் கார்பனைப் பார்ப்பதே இல்லை

'உயிரிணக்கம்' என்றால் தீங்கு செய்யாமை என்று பலர் நினைக்கிறார்கள். துறைக்குள் அதன் பொருள் கொஞ்சம் நுட்பமானது: ஒரு பொருள் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது, உடல் அதற்குத் தகுந்த விதத்தில் எதிர்வினை காட்டுவது. 'குறிப்பிட்ட இடம்' என்ற சொல்லை விட்டுவிடக்கூடாது. எலும்புக்கு ஒத்துவருவது ரத்தத்துக்கு ஒத்துவரும் என்று ஒரு விதியும் இல்லை.

கிராஃபீன் உடலுக்குள் நுழைந்ததும், செல்லுக்கு முன்பே புரதங்கள் அதைச் சந்தித்துவிடுகின்றன. ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஆல்புமின் போன்றவை சில நிமிடங்களுக்குள் ஏட்டைப் போர்த்திக்கொள்ளும். இந்தப் போர்வையைப் 'புரத மகுடம்' என்கிறார்கள். செல் தடவிப் பார்ப்பது இந்த மகுடத்தை, கார்பனை அல்ல. 2011இல் ஷாங்காய் ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். வளர்ப்புக் கரைசலில் கன்றுக்குட்டிக் கருவின் ரத்தநீர் பத்து சதவீதம் இருந்தபோது, கிராஃபீன் ஆக்சைடால் மனித செல்களுக்கு வந்த சேதம் வெகுவாகக் குறைந்தது. ரத்தநீர் குறைவாக இருந்தபோது சேதம் கூடியது. பொருள் அதேதான், அளவும் அதேதான்.

போர்வையின் வகையும் கணக்கில் வரும். தூய கிராஃபீனில் ஒட்டும் புரதம் சில நேரம் தன் மடிப்பு குலைந்து தட்டையாகிவிடும். சிங்கப்பூரில் இதே 2011இல், பல வகைச் செல்களாக மாறவல்ல குருத்தணுக்களைக் கிராஃபீன்மேல் வளர்த்தபோது, கொழுப்புச் செல்லாக மாறத் தேவையான இன்சுலின் அந்த ஏட்டில் ஒட்டி வடிவம் சிதைந்து பயனற்றுப் போனது. கொழுப்புச் செல்கள் சரியாக உருவாகவில்லை. கிராஃபீன் ஆக்சைடில் அந்தத் தடை இல்லை. தூய கிராஃபீன்மேல் எலும்புச் செல்லாக மாறும் வேலையோ வேகமெடுத்தது: அதற்கு உதவும் வேதிப்பொருள்களை ஏடு தன்மேல் இழுத்துச் சேர்த்து வைத்திருந்தது. கிராஃபீன் செல்லிடம் நேரடியாக எதையும் பேசவில்லை. தான் பிடித்து வைத்திருந்த மூலக்கூறுகள் வழியாகவே பேசியது.

இன்னொரு வேடிக்கை. கிராஃபீன் நீரை விலக்கும் என்று வெகுகாலம் பாடமாகவே சொல்லிவந்தார்கள். 2013இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் செம்புமேல் அப்போதுதான் வளர்த்த கிராஃபீனில் ஒரு சொட்டு நீர் விட்டு, சொட்டு நிற்கும் கோணத்தை அளந்தார்கள்: சுமார் 44 பாகை. ஒரு நாள் காற்றுப்பட்ட பின் அது 80 பாகையை எட்டியது. காற்றில் மிதக்கும் எண்ணெய்ப்பசை மூலக்கூறுகள் ஏட்டில் படிந்ததே காரணம். நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் அறைக்காற்று மேற்பரப்பை மாற்றிவிடுகிறது. 'மாற்றப்படாத கிராஃபீன்' என்பதே ஆய்வகத்துக்கு வெளியே அபூர்வம்.

## சும்மா விட்டால் என்ன ஆகும்?

மேற்பரப்பைச் சரிசெய்யாமல் செல்களோடு விட்டால் வரக்கூடிய சேதங்களில் நன்கு ஆராயப்பட்டவை இவை:

1. மூலை குத்துதல். 2013இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகக் குழு, ஏட்டின் கூரான மூலைகளும் பிசிறுகளும் முதலில் சவ்வைத் துளைத்து, பின் முழு ஏடும் வழுக்கி உள்ளே போவதைக் கணினிக் கணக்கிலும் நுண்ணோக்கியிலும் காட்டியது.

2. கொழுப்பை உருவுதல். செல்சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. கிராஃபீனுக்கு அந்தக் கொழுப்பின்மேல் தீராத பிரியம். ஈ. கோலை பாக்டீரியாவின் சவ்விலிருந்து கொழுப்பை ஏடு உறிஞ்சி எடுப்பதை 2013இல் பார்த்தார்கள். காயக்கட்டுக்கு இது வரம்; நம் சொந்தச் செல்லுக்கு வரமல்ல.

3. ஆக்சிஜனேற்ற அழுத்தம். செல்லுக்குள் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, புரதத்தையும் டி.என்.ஏ.வையும் தாக்குவது.

4. விழுங்க முடியாமை. உடலின் துப்புரவுப் பணியாளர்களான மேக்ரோஃபேஜ் செல்களைவிட ஏடு அகலமாக இருந்தால், அவை பாதி விழுங்கித் திணறி, அழற்சி தூண்டும் வேதிப்பொருள்களைக் கக்கும். 2012இல் எடின்பரோ ஆய்வாளர்கள் எலி நுரையீரலில் இதைக் கண்டார்கள். அகலமான தட்டுகள்கூடக் காற்றில் இறகுபோல் மிதந்து நுரையீரலின் அடி வரை போய்விடுவது இதில் கூடுதல் சிக்கல்.

## மேற்பரப்பை எப்படி மாற்றுகிறார்கள்?

வழிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாமே இரண்டு குடும்பங்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவை, அல்லது இரண்டின் கலப்பு.

முதல் குடும்பம், சகப்பிணைப்பு. புதிய மூலக்கூறை ஏட்டின் கார்பனோடு வேதிப்பிணைப்பால் தைத்துவிடுவது. கிராஃபீன் ஆக்சைடின் ஓரத்திலுள்ள கார்பாக்சில் தொகுதியோடு அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி கொண்ட மூலக்கூறைச் சேர்த்தால் அமைடு பிணைப்பு உருவாகும். நம் புரதங்களில் அமினோ அமிலங்களைக் கோப்பதும் இதே வகைப் பிணைப்புத்தான். எளிதில் பிரியாது. விலை என்ன? ஏட்டின் நடுவிலேயே தைத்தால், அந்த இடத்தில் அறுகோண வலை தட்டையாக இல்லாமல் புடைக்கும். எலக்ட்ரான்கள் ஓடும் பாதை அறுபடும். மருந்து சுமக்கும் வாகனத்துக்கு இது பெரிய நட்டமல்ல. மின்முனைக்கு உயிரே போன மாதிரி.

இரண்டாவது குடும்பம், ஒட்டுதல். வேதிப்பிணைப்பு இல்லை, படிய விடுவது மட்டுமே. பைரீன் என்ற மூலக்கூறு நான்கு அறுகோண வளையங்கள் ஒட்டிய தட்டை. கிராஃபீனின் அறுகோணங்கள்மேல் அது தாள்மேல் தாள் வைத்ததுபோல் உட்கார்ந்துகொள்ளும். அதன் வாலில் எந்தப் புரதத்தை வேண்டுமானாலும் கட்டலாம். மின்கடத்தல் கெடாது. ஆனால் ரத்த ஓட்டத்தில், போட்டிக்கு வரும் ஆயிரம் புரதங்களுக்கு நடுவே, உட்கார்ந்தது எழுந்து போய்விடலாம்.

இந்த இரண்டு வழிகளிலும் எதை ஏற்றுகிறார்கள்? அதிகம் பேசப்படுபவை மூன்று.

1. பாலிஎத்திலீன் கிளைக்கால். மலமிளக்கி மருந்திலும் களிம்பிலும் இருக்கும் அதே நீண்ட சங்கிலி மூலக்கூறு. கிராஃபீன் ஆக்சைடு சுத்தமான தண்ணீரில் நன்றாக மிதக்கும். ஆனால் ரத்தம்போல உப்புள்ள நீரில், உப்பு அயனிகள் அதன் மின்சுமையை மறைத்துவிட, ஏடுகள் ஒன்றையொன்று நெருங்கித் திரண்டுவிடும். சங்கிலிகளைத் தைத்துவிட்டால் புதர்போல் நின்று ஏடுகளை நெருங்கவிடாது. 2008இல் ஸ்டான்ஃபோர்டில் ஹாங்ஜியே டாயின் குழு ஆறு கிளை கொண்ட சங்கிலியைத் தைத்து, நீரில் கரையாத ஒரு புற்றுநோய் மருந்தை அந்த ஏட்டின்மேல் ஏற்றிப் புற்றுச் செல்களுக்குள் அனுப்பியது. இந்தத் துறையின் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்பியது.

2. கைட்டோசான். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் சர்க்கரைச் சங்கிலி. 2011இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வில், கிராஃபீன் ஆக்சைடு மனிதச் சிவப்பணுக்களை உடைத்தது. கைட்டோசான் பூசியதும் அந்த உடைப்பு ஏறக்குறைய இல்லாமல் போனது.

3. பாலிடோபமின். பாறையில் அலையடித்தாலும் விடாமல் ஒட்டியிருக்கும் கடல் மட்டிகளின் பசையைப் பார்த்துச் செய்தது. 2007இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வந்த எளிய முறை: லேசான காரக் கரைசலில் டோபமினைக் கரைத்து, பொருளை முக்கி வைத்தால் போதும், மெல்லிய பழுப்புப் படலம் படியும். கிராஃபீன் ஆக்சைடை முக்கினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: டோபமின் அதன் ஆக்சிஜனையும் ஓரளவு ஒடுக்கி, மேலே பூச்சாகவும் படிகிறது.

## கொச்சி, வாரணாசி, நார்த்வெஸ்டர்ன்: மூன்று ஆய்வுகள், மூன்று தீர்ப்புகள்

2011இல் வெளியான மூன்று ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், செய்திகள் ஏன் முரண்படுகின்றன என்பது தெளியும்.

கொச்சி. அமிர்தா நிறுவன ஆய்வாளர்கள் குரங்குச் சிறுநீரகச் செல்களை எடுத்து, இரண்டு தட்டுகளில் வைத்தார்கள். ஒன்றில் தூய கிராஃபீன். மற்றதில் கார்பாக்சில் தொகுதிகள் முளைத்த கிராஃபீன். தூய கிராஃபீன் செல்லின் வெளியே சவ்வில் அப்பிக்கொண்டது. செல்லுக்கு வடிவம் தரும் இழைகள் குலைந்தன, ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறியது, செல்கள் தாமாகவே மடியும் பாதையில் இறங்கின. கார்பாக்சில் முளைத்ததைச் செல்கள் உள்ளே எடுத்துக்கொண்டன. மில்லிலிட்டருக்கு 300 மைக்ரோகிராம் வரை போயும் நச்சு தெரியவில்லை. இதோடு நிறுத்தினால் வரும் பாடம் எளிமையானது: நீரை விலக்கும் கிராஃபீன் கெட்டது, ஆக்சிஜன் சேர்த்து நீரை ஈர்க்க வைத்தால் நல்லது. பல அறிமுகக் கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன.

வாரணாசி. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் தேவப்பிரத தாஷின் குழு வேறு திரவத்தைத் தேர்ந்தெடுத்தது: ரத்தம். ரத்தம் உறைவதைத் தொடங்கி வைப்பவை தட்டணுக்கள். அவற்றோடு கிராஃபீன் ஆக்சைடைக் கலந்ததும், தட்டணுக்களுக்குள் சேமிப்பிலிருந்த கால்சியம் வெளியேறியது, சமிக்ஞை நொதிகள் விழித்தன, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. எலிகளின் ரத்தக்குழாயில் செலுத்தியபோது நுரையீரல் நாளங்களில் உறைகட்டிகள் பரவலாக அடைத்துக்கொண்டன. கொச்சியில் செல்லைக் காப்பாற்றிய அதே ஆக்சிஜன் தொகுதிகள்தான் இங்கே வில்லன். அவற்றின் பெரும்பகுதியை நீக்கிய ஒடுக்கப்பட்ட வடிவம், தட்டணுக்களைக் குறைவாகவே தூண்டியது. ஏட்டில் மின்சுமை எப்படிப் பரவியிருக்கிறது என்பதே காரணம் என்று குழு முடிவுக்கு வந்தது.

இதில் ரொம்ப வியக்க ஒன்றுமில்லை. கண்ணாடிக் குழாயில் விட்ட ரத்தம் பிளாஸ்டிக் குழாயில் விட்டதைவிடச் சீக்கிரம் உறையும் என்பது ஆய்வுக்கூடங்களில் பழைய செய்தி. கண்ணாடியின் மேற்பரப்பும் எதிர்மின்சுமை கொண்டது. வழிமுறை வேறு. ஆனால் தன்னைத் தொடுவது எப்படிப்பட்ட மேற்பரப்பு என்பதில் ரத்தம் எப்போதுமே கறார்.

2012இல் அதே குழு அமீன் தொகுதிகளை ஒட்டிய கிராஃபீனோடு திரும்பி வந்தது. இது நேர்மின்சுமை தாங்குவது. தட்டணுக்கள் அசையவில்லை. எலி நுரையீரலில் உறைகட்டி இல்லை. சிவப்பணுக்கள் உடையவில்லை. கார்பன் வலை அதேதான். தொங்கிய தொகுதி மட்டும் வேறு.

நார்த்வெஸ்டர்ன். இங்கே இடம் நுரையீரல். எலிகளின் நுரையீரலுக்குள் நேரடியாகச் செலுத்திய கிராஃபீன் ஆக்சைடு கடுமையான, நீண்ட நாள் ஆறாத காயத்தை உண்டாக்கியது. ஆக்சைடாக்காத கிராஃபீனைப் புளூரானிக் என்ற பாலிமரால் போர்த்தி, திரளாமல் சிதறவிட்டபோது பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. கொச்சித் தீர்ப்புக்கு அப்படியே தலைகீழ். ஆனால் முரண்பாடு அல்ல. கொச்சியில் தூய கிராஃபீன் போர்வையின்றித் திரண்டு சவ்வில் ஒட்டியது. இங்கே போர்வையோடு தனித்தனியாக மிதந்தது.

மூன்றும் சரியான ஆய்வுகள். மூன்றும் கேட்ட கேள்விகள் வேறு. இனி ஒரு எச்சரிக்கை: வாரணாசி முடிவை வைத்து 'நேர்மின்சுமை பூசினால் போதும்' என்று யாராவது சூத்திரம் போட்டால் நம்ப வேண்டாம். செல்சவ்வின் வெளிப்பக்கம் பொதுவாக எதிர்மின்சுமை கொண்டது. அடர்ந்த நேர்மின்சுமை கொண்ட பாலிஎத்திலீனிமின் போன்ற பாலிமர்கள் சவ்வைப் பிய்த்துவிடுவது நன்றாகத் தெரிந்த விஷயம். எவ்வளவு அமீன், எவ்வளவு அடர்த்தியில் என்பதில்தான் மருந்தும் நஞ்சும் பிரிகின்றன.

## மூளையில் வைத்த கிராஃபீன் ஏன் வேறு கதை?

இதுவரை பார்த்தவை உடலுக்குள் மிதக்கும் துகள்கள். சால்ஃபோர்டில் மூளைமேல் வைத்தது அப்படியல்ல. அங்கே கிராஃபீன் ஒரு மெல்லிய நெகிழ்வான தாளோடு பிணைந்து அசையாமல் இருக்கிறது. குத்த மூலை இல்லை, விழுங்கத் துகள் இல்லை, ரத்தக்குழாய்களில் பயணம் இல்லை. ஆகவே தேவையும் தலைகீழாகிறது. துகளுக்கு 'என்னைப் பார்க்காதே' என்று சொல்லும் பூச்சு வேண்டும். மின்முனைக்கு 'என்னருகே வா' என்று சொல்லும் பரப்பு வேண்டும்.

தட்டையான கிராஃபீன்மேல் நரம்புச் செல்கள் வாழுமா என்பது 2016இல் இத்தாலியின் திரியெஸ்தே, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களின் கேள்வி. செல்கள் ஒட்டுவதற்காகப் போடும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) பூச்சு எதுவும் இல்லாமலே எலி நரம்புச் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். செல்கள் வழக்கம்போலச் சமிக்ஞை பரிமாறின. இங்கே மேற்பரப்பை மாற்றாமல் விட்டதே நல்லதாகப் போயிற்று: பூச்சு எதுவாக இருந்தாலும் செல்லுக்கும் மின்முனைக்கும் இடையே ஒரு திரைதான், சமிக்ஞை மங்கும்.

பார்சிலோனாவில் வளர்ந்த நரம்பு மின்முனைத் தொழில்நுட்பம் வேறு திசையில் யோசித்தது. கிராஃபீன் ஆக்சைடு ஏடுகளை வடிகட்டிப் படலமாக அடுக்கி, வெந்நீர் அழுத்தத்தில் ஆக்சிஜனை ஒடுக்குகிறார்கள். கிடைப்பது நுண்துளைகள் நிறைந்த படலம். உடல் நீரும் அயனிகளும் இடுக்கு இடுக்காகப் புகுந்துவிடுவதால், 25 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள புள்ளி மின்முனைகூடத் தன் அளவுக்கு மீறிய மின்சுமையைத் தாங்கி நரம்பைத் தூண்ட முடிகிறது. மேற்பரப்பு மாற்றம் என்றால் மேலே எதையோ தடவுவது என்று மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பரப்பின் வடிவத்தை மாற்றுவதும் மாற்றம்தான்.

## பூச்சு போட்டால் முடிந்ததா?

முடியவில்லை. மூன்று கணக்குகள் பாக்கி இருக்கின்றன.

முதலாவது, எதிர்ப்பு. பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலி உடலின் கண்ணில் படாது என்று நம்பியிருந்தார்கள். 2017இல் வந்த ஆய்வில், சங்கிலி தைத்த கிராஃபீன் ஆக்சைடு மேக்ரோஃபேஜ்களுக்குள் நுழையாமலே, சவ்வில் உரசிய உரசலிலேயே வலுவான எதிர்வினையைத் தூண்டியது. தவிர, இந்தச் சங்கிலிக்கு எதிரான ஆன்டிபாடிகள் பலர் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. களிம்பும் அழகுசாதனமும் புழங்கும் உலகில் வேறெப்படி இருக்கும்?

இரண்டாவது, சிதைவு. எனக்கு இதுதான் மிக முக்கியமானதாகப் படுகிறது. செய்திகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். வேலை முடிந்த கிராஃபீன் எங்கே போகும்? 2011இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், குதிரைமுள்ளங்கி வேரிலுள்ள ஒரு நொதி, கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு துணையோடு, இருபது நாளில் கிராஃபீன் ஆக்சைடைச் சல்லடையாக்குவதைக் காட்டினார்கள். ஒடுக்கப்பட்ட வடிவத்தை அது தொடவில்லை. நம் ரத்தத்தின் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களிலும் இதே வேலை செய்யும் நொதி உண்டு: மைலோபெராக்சிடேஸ். 2015இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் அல்பெர்த்தோ பியாங்கோவின் குழு, நன்றாகச் சிதறிய கிராஃபீன் ஆக்சைடை இந்த நொதி கரைப்பதையும், திரண்டு கிடப்பதை விட்டுவிடுவதையும் பார்த்தது.

சிக்கல் இங்கேதான். நஞ்சைக் குறைக்கப் போடும் பூச்சு, நொதியையும் ஏட்டை அண்டவிடாது. சீனாவின் சூச்சோவில் 2014இல் வந்த ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது: சங்கிலியோ ஆல்புமினோ போர்த்திய ஏடு செல்லைத் துன்புறுத்தவில்லை, ஆனால் சிதையவும் இல்லை. பாதுகாப்பான பொருள் என்று பெயர் வாங்கிக்கொண்டு உடலிலேயே தங்கிவிடும் பொருள்! அவர்கள் தந்த தீர்வு சாமர்த்தியமானது. சங்கிலியை ஏட்டோடு இரு கந்தக அணுக்கள் கொண்ட பிணைப்பால் கட்டினார்கள். உடலுக்குள் அந்தக் கட்டு அறுபடக்கூடியது. அறுந்து போர்வை விழுந்ததும் நொதிக்கு வழி கிடைக்கும். ஸ்ட்ராஸ்பூர்க் குழு இன்னும் ஒரு படி போனது: நொதிக்குப் பிடித்தமான கேட்டக்கால், குமரின் மூலக்கூறுகளையே ஏட்டில் ஒட்டி, நொதியை விருந்துக்கு அழைத்தது. சிதைவு விரைந்தது.

மூன்றாவது, அளக்கும் முறையே ஏமாற்றுவது. செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் மிகவும் பழக்கமான சோதனை எம்.டி.டி. சோதனை. உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர். கிராஃபீனோ செல்லின் துணையில்லாமலே சாயத்தை ஊதாவாக்கிவிடும். செத்த செல்களும் உயிருள்ளவையாகக் கணக்கில் ஏறும். மேலே சொன்ன மின்னசோட்டா ஆய்வு இதையும் சுட்டிக்காட்டியது. இந்தச் சோதனையை மட்டும் வைத்து 'நச்சற்றது' என்று அறிவித்த ஆய்வுகளைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஹம்மர்ஸ் முறையில் மிஞ்சும் மாங்கனீசு, கிராஃபீனை வளர்த்த செம்பை அரித்து நீக்கிய பின் மிஞ்சும் உலோகம், தயாரிப்பில் தொற்றிய பாக்டீரியாச் சுவர்த் துணுக்குகள் ஆகியவை செய்யும் குற்றத்தைக் கிராஃபீன்மேல் போட்ட ஆய்வுகளும் இல்லாமல் இல்லை.

## மனிதர்களிடம் பார்த்தது

இத்தனைக்கும் பிறகு மனித உடலில் கட்டுப்பாட்டோடு பார்த்த ஆய்வு உண்டா? உண்டு. 2024 பிப்ரவரியில் எடின்பரோ, மான்செஸ்டர் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வெளியிட்டன. பதினான்கு தன்னார்வலர்கள், தனியறையில் சைக்கிள் மிதித்தபடி, இரண்டு மணி நேரம் கிராஃபீன் ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்தார்கள். அடர்த்தி, கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம். பூச்சு எதுவும் போடாத, ஆனால் மிகத் தூய்மையாகவும் மெல்லியதாகவும் தயாரித்த ஏடுகள், இரண்டு அளவுகளில். ஒப்பிட, வேறொரு நாள் வடிகட்டிய வெறும் காற்று.

இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், நுரையீரல் திறன், அழற்சியின் அடையாளங்கள் எதிலும் மாற்றம் இல்லை. முகக்கவசம் பற்றிய கனடாவின் கவலை சுவாசம் பற்றியது என்பதால், அந்தக் கேள்விக்கு இது பயனுள்ள தொடக்கம். ஆனால் இது இரண்டு மணி நேரச் சுவாசம். ஊசியோ உடலில் பதித்த சாதனமோ அல்ல. ஆண்டுக்கணக்கில் தூசியோடு வேலை செய்யும் தொழிலாளியின் நிலைமையும் அல்ல.

ஓர் அளவீடு மட்டும் லேசாக அசைந்தது. தன்னார்வலர்களின் ரத்தத்தை உடலுக்கு வெளியே, காயம்பட்ட தமனியைப் போல அமைத்த கருவி வழியே ஓடவிட்டபோது, கிராஃபீன் ஆக்சைடு சுவாசித்த பிறகு எடுத்த ரத்தத்தில் உறைகட்டி சற்றே கூடுதலாக உருவானது. தட்டணுக்களைப் பற்றி வாரணாசி 2011இல் கேட்ட அதே கேள்வி, இந்த முறை மனித ரத்தத்தில், மிக மெல்லிய குரலில்.